முதலில் கடைக்குப் போகாதீர்கள்

வணக்கம். வீடு பார்க்க அழகாகவும் இருக்கவேண்டும், சுற்றுச்சூழலுக்கும் கேடு வரக்கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்குமா என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். வீடுகளின் உட்புறத்தை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் சாமான்களைத் திறந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்றும் சொல்லலாம்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தம்பதி கூப்பிட்டிருந்தார்கள். நான் உட்காருவதற்குள் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். மூங்கில் அலமாரி, மூங்கில் தரை, சணல் விரிப்பு, இயற்கைச் சாயம் ஏற்றிய திரைச்சீலை, பதினெட்டுத் தொட்டிச் செடிகள். "எல்லாமே சூழலுக்கு உகந்தது சார், தேடித் தேடி எழுதினோம்" என்றார் அந்த அம்மா. சரி, இதையெல்லாம் எங்கே வைப்பது என்று கேட்டேன். "இருக்கிறதை எல்லாம் தூக்கிப் போட்டுவிடலாம்" என்றார் கணவர்.

எங்கே தூக்கிப் போடுவது? வீட்டுக்கு வெளியே என்று ஒரு இடம் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு அலமாரிக்காக மரத்தை வெட்டி, அறுத்து, உலர்த்தி, வண்டியில் ஏற்றி அனுப்பியதில் ஆன சேதம் ஏற்கெனவே ஆகிவிட்டது. அது வீட்டில் நிற்கும் ஒவ்வொரு வருடமும் அந்தச் சேதம் இன்னும் ஒரு வருடத்துக்குச் சேர்த்துப் பங்கிடப்படுகிறது. அதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு மூங்கிலில் ஒன்று வாங்கினால், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூங்கில் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. அது புல் இனம். மூன்று முதல் ஐந்து வருடத்தில் வெட்டுப் பருவத்துக்கு வந்துவிடும், வெட்டினால் மறுபடி தளிர்க்கும். ஆனால் தேவையில்லாமல் வாங்கிய மூங்கிலும் தேவையில்லாத பொருள்தானே?

அந்த வீட்டில் முதலில் வெளியேற வேண்டியதாகக் குறித்திருந்தது படுக்கையறையில் இருந்த ஒரு பழைய அலமாரி. மங்கிய பச்சைப் பெயிண்ட், அதன்மேல் வெள்ளை, அதன்மேல் பழுப்பு. ஒரு கதவு தொங்கிப்போய்த் தரையில் உரசிக்கொண்டிருந்தது. இழுப்பறையை முழுவதுமாக உருவி வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் ஆணியே இல்லை. இரண்டு கைகளின் விரல்களைக் கோத்ததுபோல ஒரு பலகை இன்னொன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. அடிப்பக்கம் பெயிண்ட் படாத இடத்தில், மரத்தின் ரேகை மேற்பரப்போடு நிற்காமல் பலகையின் விளிம்பு வரை ஓடியது. இது முக்கியமான அடையாளம். ரேகை மேலே மட்டும் இருந்து, விளிம்பில் வேறு ரேகையோ தூளோ தெரிந்தால், நீங்கள் பார்ப்பது மேலே ஒட்டிய தாளையோ மெல்லிய சீவலையோதான். இங்கே முழு மரம். கெட்டுப்போயிருந்தது கீல் மட்டும்.

இழுப்பறையின் ஓரத்தில் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் தண்ணீர் தெளித்து, பெயிண்டை மெதுவாகச் சுரண்டினேன். பழுப்பு போய், வெள்ளை போய், பச்சையும் போனது. அடியில் தேன் நிறத்தில் மரம். அந்த அம்மா குனிந்து தொட்டுப் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. (ஏன் தண்ணீர் தெளித்தேன் என்றால், பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் வீடு முழுக்கப் பரவும். ஈயம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குவதே நல்லது. இருந்தால் அதில் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் விளையாட்டே வேண்டாம்.)

என் சொந்த வீட்டில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கிய புதிதில் அவசரத்துக்கு ஒரு புத்தக அலமாரி வாங்கினேன். பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை. பார்க்க நல்ல வெள்ளை, நல்ல வழவழப்பு. பிரித்த நாளிலிருந்து ஒரு நெடி. கண்ணில் லேசான எரிச்சல். மரத்தூளைச் சேர்த்துப் பிடிக்கும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிவதுதான் அது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. வாயு குறைவாகக் கசியும் பலகைகளும் இப்போது கிடைக்கின்றன, கேட்டு வாங்கலாம். என் அலமாரியின் முடிவு வேறு விதமாக வந்தது. ஒருநாள் தரை துடைத்த தண்ணீர் அடிக்கட்டைக்குள் போய், ரொட்டி ஊறியதுபோல் உப்பிவிட்டது. அதைச் சரிசெய்ய எந்தத் தச்சராலும் முடியாது, திருகாணியே பிடிக்காது.

இதற்கு நேர் எதிராக ஒரு நாற்காலியைச் சொல்கிறேன். 1859ல் தோனெட் என்ற நிறுவனம் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி. பீச் மரக் கம்புகளை நீராவியில் வேகவைத்து வளைத்துச் செய்தது. ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடங்கும். பிரம்பு இருக்கை பிய்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளலாம், திருகாணி தளர்ந்தால் முறுக்கிக்கொள்ளலாம். 160 வருடம் தாண்டியும் அதைச் செய்கிறார்கள், இன்றும் எந்த அறையில் போட்டாலும் அழகாகவே இருக்கிறது. அழகாக இருப்பதால்தான் யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை என்பது என் கட்சி. அசிங்கமான பொருள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சீக்கிரம் தெருவுக்கு வந்துவிடும்.

அப்புறம் வெளிச்சம். அதே வீட்டில் வரவேற்பறை ஏன் களையிழந்து கிடக்கிறது என்று கேட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன், கூரை நடுவில் நீலம் பாய்ந்த வெள்ளை விளக்கு ஒன்று. அந்த வெளிச்சத்தில் எந்த மரமும் சாம்பல் பூத்துத்தான் தெரியும். எல்இடி பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருக்கும். 6500 என்றால் பகல் வெள்ளை, 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். அதே பெட்டியில் சிஆர்ஐ என்று ஒன்று, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு. 90க்கு மேல் இருந்தால் மரமும் துணியும் அவற்றின் நிறத்திலேயே தெரியும். 60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை எட்டு ஒன்பது வாட் எல்இடி தந்துவிடுகிறது. கூரை நடுவில் ஒன்று போடுவதற்குப் பதில் மூலையில் ஒன்று, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று என்று தாழ்வாக வையுங்கள். அறையே மாறிவிடும். ஒரு சாமான்கூட வாங்கவேண்டாம்.

மேற்குப் பக்கத்து ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை கேட்டிருந்தார்கள். திரைச்சீலை கண் கூசுவதைத்தான் நன்றாகத் தடுக்கும், சூட்டை அவ்வளவாகத் தடுக்காது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து துணியைச் சூடாக்கினபின், அந்தச் சூட்டைக் கண்ணாடி சுலபத்தில் வெளியே விடாது. மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்கவேண்டும். தட்டியோ, மரச் சட்டமோ, கொடியோ எதுவாக இருந்தாலும் சரி. தட்டியின் இடுக்கு வழியே சாயங்கால வெயில் கோடு கோடாகச் சுவரில் விழுவதைவிட நல்ல அலங்காரம் எனக்குத் தெரியாது.

பதினெட்டுச் செடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 1989ல் வந்த நாசா ஆய்வு ஒன்றிலிருந்து கிளம்பிய நம்பிக்கை அது. சோதனை நடந்தது சின்னஞ்சிறு மூடிய பெட்டிக்குள். 2019ல் வந்த ஒரு மீளாய்வு, வீட்டுக்குள் தானாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்யவேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்று கணக்குப் போட்டது. கண்ணுக்கு இதம் என்று மூன்று வையுங்கள். காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும்.

மூங்கில் துணி என்று விற்பதிலும் ஒரு கண் வையுங்கள். பெரும்பாலும் மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய விஸ்கோஸ்தான் அது. வீட்டில் மடித்து வைத்திருக்கும் பழைய பருத்தித் துணியில் தலையணை உறை தைத்துக்கொள்வதில் இந்தச் சங்கடம் இல்லை.

பட்டியலை மறுபடி அவர்களோடு உட்கார்ந்து பார்த்தோம். மூங்கில் தரையைப் பட்டியலிலிருந்து அடித்தோம். விரிப்பு மட்டும் இருக்கட்டும் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டார், இருக்கட்டுமே என்றேன். விளக்கு மூன்று, ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி, மரத்துக்குப் பூச ஆளிவிதை எண்ணெய் ஒரு டப்பா என்று புதிதாகச் சேர்ந்தது. மேலே முதல் வரியில் 'மூங்கில் அலமாரி' என்று இருந்ததைக் கணவரே பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'கீல் 4' என்று எழுதிக்கொண்டார்.

வணக்கம்.