பயற்றுச் செடிக்கு ரத்தம் ஓடுதா?

[வேர்முடிச்சை நகத்தால் பிளக்கும் நெருக்கக் காட்சி. உள்ளே இளஞ்சிவப்பு.]

இது சாயம் இல்லை, எடிட்டிங்கும் இல்லை. நம் உடம்பில் ஓடும் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் ஒன்று பயறு வேருக்குள் இருக்கிறது. தலைப்பு ஓவர் என்று திட்டப் போகிறவர்கள் ஒரு மூன்று நிமிடம் பொறுங்கள்.

[குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டம்]

மரத்துக்கு இடையில் தரையே தெரியாமல் மூடிக் கிடக்கிறதே, மியூக்குனா கொடி, இதுவும் பயறு குடும்பம்தான். களை வராது, மண் அரிக்காது, கூடவே தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், சேரும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், செடியால் நேரடியாக எடுக்க முடியாது. பள்ளியில் படித்ததுதான், தாண்டுவோம்.

யூரியாவுக்கான அமோனியாவைத் தொழிற்சாலையில் செய்ய 400 டிகிரிக்கு மேல் சூடும், பயங்கர அழுத்தமும் வேண்டும். பயறு வேரின் முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே முடித்துவிடுகிறது, ஆனால் ஓசியில் இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க குறைந்தது 16 ஏடிபி செலவு; ஏடிபி என்றால் உயிரணு செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு. அந்தச் செலவு முழுக்க செடியின் தலையில்தான்: இலை செய்த சர்க்கரை வேருக்கு இறங்கி, முடிச்சுக்குள் மாலேட் என்ற கரிமப் பொருளாக மாறி பாக்டீரியாவுக்குப் போகிறது. வீடும் சாப்பாடும் கொடுத்து வேலைக்கு ஆள் வைத்த கதைதான்.

சரி, இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். மாலேட்டை எரித்து ஏடிபி செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். ஆனால் நைட்ரஜனை உடைக்கிற நைட்ரஜனேஸ் நொதி ஆக்ஸிஜன் பட்டால் கெட்டே போகும்! இல்லாவிட்டால் பட்டினி, இருந்தால் நாசம், என்ன செய்ய? அதற்குத்தான் அந்தச் சிவப்புப் புரதம், லெக்ஹீமோகுளோபின். ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுதந்திரமாக அலைய விடாமல், பாக்டீரியாவின் வாசல் வரை கொண்டுபோய் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. இதை யார் யோசித்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

செடி ஏமாளியும் இல்லை. நைட்ரஜன் தராத முடிச்சுகளுக்கு சோயா செடி ஆக்ஸிஜனைக் குறைத்துவிடுவதாக 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேலை இல்லையா, மூச்சும் இல்லை! கொடுமைதான், ஆனால் நியாயம்.

கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்து வயலில் பயறு விதைக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள்: பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சைப் பிளந்து பாருங்கள். சிவப்பு என்றால் வேலை நடக்கிறது; வெள்ளையோ பச்சையோ என்றால் நடக்கவில்லை. அப்புறம், யூரியாவை அள்ளிக் கொட்டியிருந்தால் முடிச்சே குறைவாகத்தான் இருக்கும். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி எதற்குச் சர்க்கரையைச் செலவழிக்கும்?

உங்கள் வயலில் என்ன நிறம் என்று படம் எடுத்துப் போடுங்கள்.