திருமாலின் 4 கைகள், சிவனின் 10 கைகள்

நேயர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகள் பதினோராம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவன் நான். பாடப்புத்தகம் 'காரணீயப் பெருக்கம்' என்று சொல்லும்; பிள்ளைகள் வாயில் அது எப்போதும் ஃபேக்டோரியல்தான். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. 5 ஃபேக்டோரியல் என்றால் ஐந்தை நான்கால், பிறகு மூன்றால், இரண்டால், ஒன்றால் பெருக்க வேண்டும்: 120. இதை எல்லாரும் போட்டுவிடுவார்கள். ஏன் பெருக்குகிறோம் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். எனக்கு அந்த 'ஏன்'தான் முக்கியம்.

1150-ஆம் ஆண்டில் எழுதிய லீலாவதியில் பாஸ்கராசாரியர் ஒரு கணக்குக் கேட்கிறார். திருமாலுக்கு 4 கைகள். சங்கு, சக்கரம், கதை, தாமரை. இவற்றைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தால் எத்தனை திருவுருவங்கள் கிடைக்கும்?

நிதானமாகப் பார்ப்போம். முதல் கைக்கு நான்கில் எதையும் கொடுக்கலாம். சங்கைக் கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். அடுத்த கைக்கு மிச்சம் மூன்று. சங்குக்குப் பதில் சக்கரம் போயிருந்தாலும் மிச்சம் மூன்றுதான். ஆக, நான்கு வழிகளும் மும்மூன்றாகக் கிளைக்கின்றன: 12. மூன்றாம் கையில் அந்தப் பன்னிரண்டும் இவ்விரண்டாகப் பிரிந்து 24. கடைசிக் கைக்கு எஞ்சியதைத்தான் கொடுத்தாக வேண்டும். கிளைக்குக் கிளை பிரிவதால்தான் கூட்டாமல் பெருக்குகிறோம். கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் 24 திருநாமங்கள் உண்டல்லவா? அந்த மூர்த்திகளை எந்தக் கையில் எது இருக்கிறது என்று பார்த்துத்தான் அடையாளம் காண்பார்கள்.

அதே சுலோகத்தில் சிவனும் வருகிறார். பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, சூலம், வில், அம்பு என்று 10 கைகளில் 10 பொருள்கள். விடை 36,28,800! நொடிக்கு ஓர் உருவமாக, கண் அயராமல் தரிசித்தால் சரியாக 6 வாரம். ஒரு நொடி கூடாது, குறையாது. 20 பொருள்கள் என்றால், பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து ஓடிய நொடிகளைவிட ஐந்து மடங்குக்கும் மேல்.

பிள்ளைகள் தடுமாறும் இடம் சுழியம். 0 ஃபேக்டோரியல் 1 என்றால் நம்ப மாட்டார்கள். படியிறங்கிப் பாருங்கள். 24-ஐ நான்கால் வகுத்தால் 6. அது மூன்றின் விடை. ஆறை மூன்றால் வகுத்தால் 2, இரண்டின் விடை. அதை இரண்டால் வகுத்தால் 1, ஒன்றின் விடை. அதை ஒன்றால் வகுத்தால் மறுபடியும் 1. அதுதான் சுழியத்தின் விடை.

1913-இல் நம் ராமானுஜன் இந்தியக் கணிதக் கழக இதழில் ஒரு கேள்வி வைத்தார். 4 ஃபேக்டோரியலோடு ஒன்றைக் கூட்டினால் 25, ஐந்தின் வர்க்கம். 5-க்கு அப்படிச் செய்தால் 121, பதினொன்றின் வர்க்கம். 7-க்கு 5041, அது 71-இன் வர்க்கம். வேறு எண் உண்டா? பிரெஞ்சுக்காரர் புரோக்கார் 1876-லேயே இதைக் கேட்டிருந்தார். கணினிகள் வெகுதூரம் தேடிவிட்டன. நான்காவது எண் அகப்படவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபித்தவரும் இல்லை. 6-க்கு வருவது 721. 27-இன் வர்க்கத்துக்கு எட்டுக் குறைகிறது. 8-ஐ நீங்கள் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வணக்கம்.