ஒளிபரப்பாகாத சூப்பர்மேன்கள்

நேயர்களுக்கு வணக்கம். 1952 முதல் 1958 வரை 104 அத்தியாயங்களாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘அட்வெஞ்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்’ தொடரில் நாயகனாக நடித்தவர் ஜார்ஜ் ரீவ்ஸ். அந்தத் தொடரிலிருந்து கிளைக்க முயன்று, ஒளிபரப்பையே காணாமல் போன மூன்று முயற்சிகளைப் பற்றி இன்று பேசுகிறேன்.

முதலாவது, 1958-இல் தயாரிப்பாளர் விட்னி எல்ஸ்வொர்த் எடுத்த ‘சூப்பர்பப்’. மூலத் தொடருக்காகப் போட்ட அரங்குகளையே பயன்படுத்தி, குள்ளமான நடிகர்களுக்கு நாய் முகமூடி அணிவித்து, சூப்பர்மேன் சாதாரண மனிதராக உலவும்போது பூணும் நிருபர் வேடமான கிளார்க் கென்ட்டை ‘பார்க் பென்ட்’ என்ற நாய் நிருபராக மாற்றி, ஒரே ஒரு வெள்ளோட்ட அத்தியாயத்தைப் படமாக்கினார்கள். நாயகனாக நடித்த பில்லி கர்ட்டிஸ், மூலத் தொடருக்கு முன்னோடியாக 1951-இல் வந்த ரீவ்ஸின் சூப்பர்மேன் திரைப்படத்தில் பூமிக்கடியில் வாழும் சிறு மனிதர்களுள் ஒருவராக நடித்தவர். சூப்பர்மேனின் தொலைக்காட்சிப் பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர் இருந்தார் என்பது என்னை எப்போதும் நெகிழச் செய்யும் செய்தி.

1961-இல் எல்ஸ்வொர்த் ‘சூப்பர்பாய்’ தொடருக்கு முயன்றார். ஜான் ராக்வெல் நாயகன். பதின்மூன்று கதைகள் எழுதப்பட்டும் ஒன்றுதான் படமானது.

இவ்விரண்டுக்கும் நடுவே எழுந்த திட்டம்தான் மனத்தை உறுத்துவது. 1959 ஜூன் 16 அன்று ரீவ்ஸ் இறந்துபோனார். அதன்பின், இளம் நிருபர் ஜிம்மி ஓல்சனாக நடித்த ஜாக் லார்சனை மையமாக்கி ஒரு தொடர் எடுக்கலாம் என்ற யோசனை அவரிடமே வைக்கப்பட்டது. சூப்பர்மேன் தோன்ற வேண்டிய இடங்களில், ரீவ்ஸ் பறப்பதாக முன்பு எடுத்து வைத்திருந்த காட்சிகளை ஒட்டி, மீதிக்கு அவரைப் போன்ற உடற்கட்டுள்ள ஒருவரை முதுகுப்புறமாகக் காட்டிச் சமாளிப்பது என்பதே ஏற்பாடு.

லார்சன் மறுத்துவிட்டார். ஜிம்மி ஓல்சன் என்ற முத்திரை தன்மேல் ஆழப் பதிந்து, வேறு வேடங்கள் கிடைப்பதே அரிதாகியிருந்த நிலையில், தன்னையே நாயகனாக்கும் வாய்ப்பை அவர் தள்ளினார். இறந்த நண்பரின் பிம்பத்தோடு நடிப்பதை அவரால் ஏற்க இயலவில்லை. அந்த மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். பின்னர் எழுத்துப் பணிக்குத் திரும்பிய லார்சன், வெர்ஜில் தாம்சன் இசையமைத்து 1972-இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘லார்ட் பைரன்’ இசைநாடகத்துக்கு வரிகள் எழுதினார்.