சான் லொரென்சோவின் தரைத்தள அறை

அவைத்தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மாமன்ற உறுப்பினர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்திருக்கும் வாரியப் பொறியாளர் அவர்களே, அங்கன்வாடிப் பணியாளர்களே, குடியிருப்போர் நலச்சங்கத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய அன்புக்கு நன்றி. அந்தச் செலவில் பிள்ளைகளுக்கு நான்கு பாய் வாங்கியிருக்கலாமே என்று செயலாளரை உரிமையோடு கடிந்துகொண்டேன்.

‘ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பார்கள். ஏறும் மேடையிலெல்லாம் நான் இதைச் சொல்வதாக நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஆகவே இன்று ரோம் நகரத்திலிருந்து ஒரு சான்றோடு வந்திருக்கிறேன். தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் காப்பகம் ஏன் வந்தது, எப்படி நடந்தது, அதை உருவாக்கிய அம்மையார் நம் சென்னையில் என்ன செய்தார் என்று மூன்று செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1880களில் ரோமில் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பும் வேகம் கண்மண் தெரியாமல் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கட்டுமானத் தொழில் நொடித்துப்போக, சான் லொரென்சோ பகுதியில் அரைகுறையாக நின்ற கட்டடங்களில் ஏழைகள் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். பின்னர் ஒரு நிறுவனம் அவற்றை வாங்கிப் பழுதுபார்த்து, உழைக்கும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்கும் மூத்த பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விட, எஞ்சிய சின்னஞ்சிறுசுகள் புதுச் சுவர்களில் கிறுக்கின, படிக்கட்டுகளைச் சேதப்படுத்தின. சுவரைச் செப்பனிடும் பணத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாமே என்று கணக்குப் போட்டார் அந்நிறுவனத்தின் தலைவர் எதுவார்தோ தாலமோ. பொறியாளர் அவர்கள் சிரிக்கிறார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது. இப்படித்தான் 1907 ஜனவரி 6 அன்று, மார்சி தெரு 58ஆம் எண் கட்டடத்தில், ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளோடு ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் மருத்துவர் மரியா மாண்டிசோரி.

ஆசிரியை அதே குடியிருப்பிலேயே வசிக்க வேண்டும், தாய்மார் வாரம் ஒருமுறையாவது அவரிடம் வந்து பேச வேண்டும், பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும் என்பவை விதிகள், கட்டணம் கிடையாது.

ஒருநாள் மாண்டிசோரி அம்மையார் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். சிரிக்காதீர்கள், இது அவரே எழுதிவைத்த செய்தி. கைக்குட்டையை எடுத்து, பிறர் கண்ணில் படாமல், ஓசை எழாமல் சிந்திக் காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், அத்தனை பேரும் வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டு, நாடகக் கொட்டகையில் தட்டுவதுபோல் கைதட்டினார்கள். அவர் புறப்பட்டபோது, பாடத்துக்கு நன்றி என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். ‘மூக்கொழுகி’ என்று திட்டத்தான் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எப்படித் துடைப்பது என்று ஒருவரும் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. நம் வீடுகளிலும் இதே கதைதான் என்பதை முன்வரிசைப் பாட்டிமார்களின் முகமே சொல்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்ப்பது என்றால் சோறு மட்டும் அல்ல, இதுவும்தான்.

அதே ஆண்டு ஏப்ரலில் அங்கேயே இரண்டாவது இல்லமும், 1908இல் மிலான் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்பில் இன்னொன்றும் வந்தன. மூன்றாவது செய்திக்கு வருகிறேன். அம்மையார் 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். விரிவாகச் சொல்ல ஆசைதான், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஏழைத் தொழிலாளியின் வீட்டு வாசலில் வளர்ந்த அந்த மாண்டிசோரி முறை, இன்று நம்மூரில் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் தென்படுகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நம் அங்கன்வாடி பிற்பகலோடு முடிந்துவிடுகிறது. துணிக்கடையில் நிற்கும் தாய் இரவில்தான் திரும்புகிறாள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம். நாலு வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு எந்த நிறுவனம்? ஊரான் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கும் அவளுடைய பிள்ளை ‘தானே வளரும்’ என்று விட்டுவிடுவதற்காகவா நம் முன்னோர் அந்தப் பழமொழியைச் சொன்னார்கள்?

ஆகவே, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வரைபடம் போடும்போதே, தரைத்தளத்தில் முற்றத்தைப் பார்த்த ஓர் அறை, எட்டும் உயரத்தில் குழாய், சிறிய கழிப்பறை ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அதே குடியிருப்புப் பெண்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் தந்து இரவு எட்டு மணிவரை அதை நடத்த வேண்டும். மாமன்ற உறுப்பினர் அவர்கள் இதை அடுத்த கூட்டத்தில் எழுப்ப வேண்டும். தாய்மார்கள் கையெழுத்திட்ட மனுவைச் செயலாளர் இப்போது மேடையில் அவரிடம் அளிப்பார்.