நன்னாரி சர்பத்: வேரைக் கொதிக்க விடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் மதுரையில் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல்தான். பானகம், நீர்மோர், சர்பத் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பானகமும் மோரும் வீட்டிலேயே கரைக்கிறோம். சர்பத்துக்கு மட்டும் கடையில் பாட்டில் வாங்குகிறோம். சில பாட்டில்களில் இருப்பது சர்க்கரைப் பாகும் நிறமும் எசன்ஸும்தான். நல்ல நன்னாரிப் பாகு வீட்டிலேயே காய்ச்சலாம், பெரிய வேலை இல்லை.

வெயில் ஊர்க்காரர்களுக்குப் புளிப்பும் இனிப்பும் கலந்த பானம் என்றால் எங்கேயும் பிரியம். கியூபாவில் சாந்தியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் டைக்கிரி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதே பெயரில் உலகமெல்லாம் தெரிந்த ஒரு பானமும் உண்டு. எலுமிச்சை, சர்க்கரை, கரும்பிலிருந்து வரும் ரம், இந்த மூன்றும்தான் அதற்கு வேண்டியவை. அங்கே ரம் கொடுக்கும் மணத்தை நமக்கு ஒரு வேர் கொடுக்கிறது. போதை கிடையாது, வீட்டில் எல்லாரும் சேர்ந்து குடிக்கலாம்.

அந்த வேரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே கரும்பழுப்பாகத் தோல், குறுக்கே குறுக்கே வெடித்திருக்கும். உள்ளே வெள்ளையாக ஒரு குச்சி. வாசம் முழுக்கத் தோலில்தான் இருக்கிறது. முகர்ந்தால் வெனிலா ஞாபகம் வரும். அதற்குக் காரணம் உண்டு. வெனிலாவில் உள்ள வெனிலினிலும் நன்னாரியின் மணப்பொருளிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில். அவை அமர்ந்திருக்கும் இடம் மட்டும்தான் வேறு. இந்த மணப்பொருள் நீராவியோடு சேர்ந்து பறந்துவிடும். வேரைக் கஷாயம் மாதிரி போட்டுக் கொதிக்கவிட்டால் அடுப்படி மணக்கும், சர்பத் மணக்காது. நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

நாட்டு மருந்துக் கடையில் வேர் கிடைக்கும். ஒடித்து, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். வாசம் இல்லாவிட்டால் பழைய சரக்கு, வேண்டாம். 100 கிராம் போதும். மண் நிறைய ஒட்டியிருக்கும், நாலைந்து தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். அப்புறம் உரலில் போட்டு லேசாகத் தட்டினால் தோல் விட்டுவிடும். வெள்ளைக் குச்சியை எறிந்துவிடலாம். தோலை மட்டும் ஒன்றிரண்டாக இடித்து, அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி அதில் போட்டு, உடனே மூடிவிடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே ஊறட்டும். காலையில் திறந்தால் தண்ணீர் செம்பழுப்பாக இருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் ஒரு கிலோ சர்க்கரையை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விடுங்கள். பாதி எலுமிச்சம்பழச் சாறு விட்டால், அந்தப் புளிப்பு சர்க்கரையைக் கொஞ்சம் உடைத்துவிடும், பாட்டிலில் பாகு பூத்துப்போகாது. அடுப்பை அணைத்து, பாகு சற்று ஆறிய பிறகு வேர்த் தண்ணீரை ஊற்றிக் கலக்குங்கள். சர்க்கரை அளவைக் குறைக்காதீர்கள், கெடாமல் காப்பது அதுதான். ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்கும்போது டம்ளருக்கு இரண்டு மேஜைக்கரண்டி பாகு, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பு திகட்டாமல் இருப்பது அதனால்தான். மேலே பானைத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் அள்ளிப் போட்டால் நாக்கு மரத்து, வேரின் வாசமே தெரியாது. சோடா பிடித்தவர்கள் அதையும் ஊற்றலாம், எனக்குப் பானைத் தண்ணீர்தான்.

நம்ம ஊர் ஜிகர்தண்டாவில் பாலோடும் பாதாம் பிசினோடும் சேர்வதும் நன்னாரிப் பாகுதான். வீட்டில் அதைக் கலக்கினால் எலுமிச்சை பிழிய வேண்டாம், பால் திரிந்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பாகு ஆகாது. வடிகட்டிய வேரை எறியாமல் துணியில் முடிந்து குடிக்கிற பானைக்குள் போட்டு வையுங்கள். ஒரு நாளைக்கு லேசான வாசம் இருக்கும். மறுநாள் எடுத்துவிடுங்கள்.

வணக்கம்.