பத்துப் பேர் இருக்கிறோம், குழந்தையை யார் பார்க்கிறார்கள்?

வணக்கம். காணொளியில் வெளிச்சம் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்தால் சத்தம் வந்து குழந்தைகள் எழுந்துவிடுவார்கள். இருவரும் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள், அதற்குள் பேசி முடித்தாக வேண்டும். ஆகவே நலம் விசாரிப்பதையெல்லாம் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கோடை விடுமுறைக்குத் தாத்தா, பாட்டி, அத்தை குடும்பம், சித்தப்பா குடும்பம் என்று கூட்டமாகக் கிளம்பும்போது, கைக்குழந்தையோ மூன்று நான்கு வயதுப் பிள்ளையோ வைத்திருப்பவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வார்கள். "நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோமே, உனக்கென்ன கவலை?" அன்பில்தான் சொல்கிறார்கள். எனக்கோ அதைக் கேட்டதும் வயிற்றில் புளி கரைகிறது. இரண்டு பேர் மட்டும் குழந்தையோடு இருந்தால், நான் பார்க்கிறேனா நீ பார்க்கிறாயா என்பது தெளிவாக இருக்கும். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

இது என் மனப்பிரமை இல்லை. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, இன்டர்காம் வழியாக உரையாடச் சொன்னார்கள். நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்து அவர் தவிப்பதுபோல் ஒரு குரல் கேட்கும். அது முன்பே பதிவு செய்து வைத்தது, கேட்பவருக்கு அது தெரியாது. தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் ஓய்வதற்குள்ளாகவே உதவி தேடி வெளியே வந்துவிட்டார்கள். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி வந்தவர்கள் 31 சதவீதம்தான். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. இந்நேரம் வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்தவர்கள், அவ்வளவுதான். நம் சித்தப்பாவும் அத்தையும் நீங்களும் நானும் குழந்தை விஷயத்தில் நினைப்பது இதையேதான்.

தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் இந்த நினைப்பு உயிருக்கே உலை வைக்கும். நீரில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார், நமக்குக் கேட்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். நியூயார்க்கில் கடற்கரை உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா என்பவர், மூழ்குபவர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனித்து விவரித்திருக்கிறார். வாய் நீருக்கு மேலே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும். மேலே வரும் அந்தக் கணம் மூச்சு இழுக்கவே போதாது, பிறகு கத்துவதற்கு ஏது நேரம்? கைகள் தன்னிச்சையாகப் பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அழுத்தும், உயர்த்தி அசைக்க முடியாது. உடல் நிமிர்ந்தே இருக்கும். கரையில் இருந்து பார்ப்பவருக்குப் பிள்ளை நின்றபடி விளையாடுவதுபோல்தான் தெரியும். இப்படி நீர்ப்பரப்பில் போராடுவது 20 முதல் 60 வினாடிகள் வரை, அதன் பிறகு உள்ளே போய்விடுவார்கள். ஐந்து பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து சொத்துப் பேச்சோ கல்யாணப் பேச்சோ பேசிக்கொண்டிருக்க, அவர்கள் கண்ணெதிரே இது நடந்து முடிந்துவிடலாம்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு மஞ்சள் தொப்பி இருக்கிறது. பார்க்கவே சகிக்காத மஞ்சள். அதை யார் தலையில் வைத்திருக்கிறார்களோ அவர்தான் அந்த நேரத்துக் காவல். கைப்பேசி கிடையாது, புத்தகம் கிடையாது, பக்கத்தில் இருப்பவரோடு அரட்டை கிடையாது. கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம், பிறகு தொப்பி கை மாறும். வாங்குபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இப்போது நான் பார்க்கிறேன்." சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினால் செல்லாது. என் மைத்துனர் ஆரம்பத்தில் இதை நாடகம் என்று கேலி செய்தார். செய்துவிட்டுப் போகட்டும், தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் கேலி செய்தார்.

நீந்தத் தெரியாத குட்டிகளுக்குத் தொப்பியும் போதாது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கையில் மாட்டிவிடும் காற்றடைத்த வளையங்கள் விளையாட்டுப் பொருள்கள், உயிர்காப்புச் சட்டை இல்லை. நீச்சல் உடை வாங்கும்போது நீலமும் வெள்ளையும் வேண்டாம், தண்ணீரோடு கலந்து மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் தூரத்தில் இருந்தே கண்ணில் படும். வாடகைக்கு எடுத்த வீட்டுக் குளியலறையில் யாரோ நிரப்பி வைத்த வாளியும் ஆபத்துதான், தவழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீர் போதும். எனக்கு மிகவும் பயம் தரும் நேரம் எது தெரியுமா? போய் இறங்கும் முதல் ஒரு மணி நேரம். எல்லோரும் பெட்டி இறக்குகிறார்கள், எந்த அறை யாருக்கு என்று பேசுகிறார்கள், எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது. அந்த நேரத்துக்குத்தான் தொப்பி முதலில் வேண்டும். ஒருவர் குழந்தையோடு இருக்கட்டும். இன்னொருவர் வீட்டைச் சுற்றிவந்து வாளிகளைக் கவிழ்த்து, பால்கனியில் ஏறி நிற்க வசதியாகக் கிடக்கும் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, குளத்துக்குப் போகும் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கட்டும். பெட்டிகள் காத்திருக்கும்.

அடுத்தது வண்டி. ஒரே வண்டியில் போனால் சிக்கல் குறைவு. இரண்டு மூன்று வண்டிகளாகப் போகும்போது "அவன் அந்த வண்டியில் இருப்பான்" என்ற வாக்கியம் பிறக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி மாறுவார்கள், அதில் அவர்களுக்கு அலாதி ஆனந்தம். இறங்கிய பிறகு ஒரு குழந்தை பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டே இருந்துவிட்டால்? வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். ஆகவே ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். தலையை எண்ணாதீர்கள். எண்ணிக்கை சரியாக வரும், ஆனால் அதில் ஒரு தலை பக்கத்து வண்டிக்காரருடைய பிள்ளையுடையதாக இருக்கும்.

வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2 வயதில் இருந்து 12 வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம். உள்காது நாம் நகர்கிறோம் என்கிறது, மடியில் உள்ள படத்தைப் பார்க்கும் கண் நகரவில்லை என்கிறது, இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது. அழும் பிள்ளையைச் சமாதானம் செய்ய மாமா கைப்பேசியைக் கொடுப்பார். வளைவுப் பாதையில் அதைவிடப் பாதகமான உதவி கிடையாது. தொலைவில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள். மாமாவை ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள், அவருக்கும் பொழுது போகும்.

தூக்கம். இதில்தான் உறவுகள் முறுக்கிக்கொள்கின்றன. உலக சுகாதார அமைப்பு 2019-ல் தந்த வழிகாட்டலில், பகல் தூக்கத்தையும் சேர்த்து 1, 2 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது. விடிகாலையில் கிளம்பி மூன்று இடம் பார்த்து, இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து பேசும் திட்டத்தில் இது எங்கே அடங்கும்? அடங்காது. "ஒரு நாள்தானே, தூங்காவிட்டால் என்ன" என்பார்கள். அந்த ஒரு நாளின் மாலையில் குழந்தை தரையில் புரண்டு அழும்போது, பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பார் என்பதும் அவர்களேதான். நான் செய்வது இது: எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்ற விதியையே எடுத்துவிடுவேன். மதியம் ஒருவர் குழந்தையோடு அறையில் தங்குவார், மற்றவர்கள் போய்வரட்டும். தங்குபவர் தினமும் அம்மாவாகவே இருக்கக் கூடாது, அதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். குழந்தையின் அப்பாவுக்கும் மதியத் தூக்கம் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

பாட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு மனதுக்கு நெருக்கமானது. எட்டு ஒன்பது மாதக் குழந்தை, தினமும் திரையில் சிரித்துப் பேசிய பாட்டியை நேரில் பார்த்ததும் வீறிட்டு அழும். பாட்டியின் முகம் வாடிப்போகும். "என்னிடம் வரமாட்டேன் என்கிறான்" என்று அன்று முழுவதும் மருகிக்கொண்டே இருப்பார். அந்த வயதில் புதியவரைக் கண்டு மிரள்வது வளர்ச்சியின் அடையாளம், யார் தன்னுடையவர் என்று குழந்தைக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் தணிந்துவிடும். இதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பாட்டியிடம் சொல்லி வையுங்கள். குழந்தை அழுத பிறகு சொன்னால் சமாதானம் சொல்வதுபோல் இருக்கும். வந்ததும் கையில் வாங்க வேண்டாம், குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்கட்டும். குழந்தையே பாட்டியின் வளையலைப் பிடிக்கக் கை நீட்டும். அதுவரை யாரும் தூக்கிக் கையில் திணிக்கக் கூடாது. "போ, பாட்டிக்கு முத்தம் கொடு" என்று நான்கு வயதுப் பிள்ளையை நெருக்குவதும் எனக்குப் பிடிக்காது. வணக்கம் சொன்னால் போதும்.

வைத்தியம் சொல்லும் பெரியவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. வெயிலாக இருக்கிறதே, மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடு என்பார்கள். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் போதும், கோடையிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் சரி. தேனை நாக்கில் தடவலாமே என்பார்கள். ஒரு வயது நிறையாமல் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். இதையெல்லாம் மருமகள் மாமியாரிடம் எடுத்துச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அவரவர் பெற்றோரிடம் அவரவர் பேசட்டும். மகன் தன் அம்மாவிடம் "மருத்துவர் வேண்டாம் என்றார் அம்மா" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதே சொற்களை மருமகள் சொன்னால் அடுத்த விடுமுறை வரை ஓடும்.

வெயிலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: காலை 10 முதல் மாலை 4 வரை நிழலில் இருங்கள், தொப்பியும் தளர்ந்த பருத்தி உடையும் போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை நேர் வெயிலில் காட்டவே வேண்டாம்.

பணக் கணக்கை முதல் நாளே பேசுங்கள். கடைசி நாள் பேசினால் அது கணக்கு இல்லை, சண்டை.

பிறகு, சமையலறை உள்ள வீட்டை எடுத்துத் தங்கும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஊரில் செய்த அதே வேலையை, பழக்கமில்லாத அடுப்பில், இரண்டு மடங்கு ஆட்களுக்கு, அதே இரண்டு பெண்கள் செய்துகொண்டிருப்பார்கள். அவர்கள் படத்தில்கூட இருக்க மாட்டார்கள், உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். இதை விடுமுறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாத்தா பாட்டியைச் சம்பளமில்லாத ஆயாவாக அழைத்துப் போவதும் இதே ரகம்தான். அவர்களுக்கு எங்கே போக ஆசை என்று யாராவது கேட்டோமா? கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "எங்கும் வேண்டாம், உங்களோடு இருந்தால் போதும்" என்பார்கள். அதை நம்பிவிடாமல் இரண்டாவது முறையும் கேளுங்கள். மூட்டுவலியை யோசித்துத்தான் முதல் பதில் வருகிறது.

அத்தை பிள்ளைகளுக்கு ஒரு சட்டம், நம் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் என்ற பிரச்சினையும் வரும். அவர்கள் வீட்டில் இரவெல்லாம் கைப்பேசி ஓடும், நம் வீட்டில் கிடையாது. நான்கு நாளைக்கு இதில் தளர்ந்து கொடுங்கள், குடி முழுகிவிடாது. தண்ணீர், வண்டி, மருந்து, இந்த மூன்றில் மட்டும் யாருக்காகவும் தளராதீர்கள்.

உள்ளே சத்தம் கேட்கிறது, சின்னவள் எழுந்துவிட்டாள். மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் போனால் எனக்கே பொறுக்காது. தாத்தா பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பயணத்தில் பெரும்பாலும் கைப்பையில்தான் இருக்கும், அந்தப் பை கட்டிலின் மேல் கிடக்கும். பார்ப்பதற்கு மிட்டாய்போல் இருப்பதால் குழந்தை வாயில் போட்டுவிடும், அவற்றில் சில ஒன்றிரண்டே சிறு குழந்தைக்குப் பேராபத்து. இறங்கியதும் எல்லோருடைய மாத்திரைகளையும் ஒரே டப்பாவில் வாங்கி, பூட்டு இருக்கும் அலமாரியில், இல்லாவிட்டால் எட்டாத உயரத்தில் வையுங்கள். சாவி யாரிடம் என்று ஒரு பெயரைச் சொல்லிவிடுங்கள். வருகிறேன் கண்ணம்மா, இதோ வந்துவிட்டேன்.