எழுத்தை மேலே தூக்கிவரும் கல்: முக்கூடல் சகோதரியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முக்கூடலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

“ஐயா, என் மகன் ஒரு கண்காட்சியில் ‘டிவி கல்’ என்று சொல்லி விற்ற வெள்ளைக் கல்லை வாங்கிவந்தான். செய்தித்தாளின்மேல் வைத்தால் கீழே இருக்கும் எழுத்து கல்லின் மேல்பரப்புக்கே ஏறி வந்துவிடும். அத்தை அதைப் பார்த்துவிட்டுப் பூஜையறையில் வைத்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை வெந்நீரில் நன்றாகக் கழுவி மஞ்சள், குங்குமம் வைத்தேன். மறுநாள் பார்த்தால் கல் மங்கிக் கிடக்கிறது, எழுத்து தெரியவில்லை. கல்லின் சக்தி போய்விட்டதா? கண்ணாடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா? இன்னொரு சந்தேகம். கல் நன்றாக இருந்தபோதும் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் எதிரே இருக்கும் மலை தெரிந்ததே இல்லை. எழுத்தைக் காட்டும் கல் மலையைக் காட்டாதா?”

அம்மா, நீங்கள் ஏமாறவில்லை என்றே நினைக்கிறேன். வெந்நீரில் மங்கியதே அது கண்ணாடி இல்லை என்பதற்கு நல்ல அடையாளம். அந்தக் கல்லைச் சரிசெய்யவும் முடியும்; அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டீர்களே, மலை ஏன் தெரியவில்லை என்று, அந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது. இந்தக் கல்லைக் கையில் எடுத்தவர்கள் எல்லோரும் ‘ஆகா’ என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். மலையை நோக்கிப் பிடித்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கேள்விக்குள்தான் இந்தக் கல்லின் முழு விஷயமும் இருக்கிறது.

என்னிடமும் ஒரு துண்டு இருக்கிறது. தீப்பெட்டி அகலம், சுமார் 2 சென்டிமீட்டர் உயரம். கல்லின் பெயர் யூலெக்சைட். பக்கவாட்டில் பாருங்கள்: பட்டுநூலை அடுக்கி நிறுத்தியதுபோல நார் நாராக, எல்லாம் கீழிருந்து மேலாக நேராக நிற்கின்றன. இப்போது இன்றைய செய்தித்தாளில் ‘மழை’ என்ற சொல்லின்மேல் வைக்கிறேன். ‘ழை’யின் சுழி தெரிகிறதா? அது கல்லுக்கு அடியில் தெரியவில்லை. மேல்பரப்பில் அச்சடித்ததுபோலத் தெரிகிறது. என் நகத்தை மேலே வைக்கிறேன், நகம் எழுத்தைத் தொடுகிறது. தலையை இடதும் வலதும் சாய்த்துப் பார்த்தாலும் எழுத்து இடம் மாறுவதில்லை. இதே உயரத்தில் ஒரு கண்ணாடிக் கட்டியை வைத்தால் எழுத்து உள்ளே ஆழத்தில் தெரியும். தலையைச் சாய்த்தால் அதுவும் நகரும். ஆக, கண்ணாடி வழியாக நாம் பார்க்கிறோம். இந்தக் கல்லோ எழுத்தையே தூக்கி வந்து மேலே வைக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

இனி, கல்லைத் தாளிலிருந்து ஓர் அரிசிமணி உயரம் மட்டும் தூக்குகிறேன். பார்த்தீர்களா, சுழி கரைந்துவிட்டது! இன்னும் கொஞ்சம் தூக்கினால் வெறும் சாம்பல் வெளிச்சம் மட்டும்தான். மலைக்கான பதில் இதில் பாதி வந்துவிட்டது.

குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்து வளர்ந்தவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். தாமிரபரணி தெளிந்து ஓடும் நாளில் மூழ்கி, தண்ணீருக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால், தலைக்கு நேர் மேலே ஒரு வட்டத்துக்குள் மட்டும் வானம் தெரியும். வட்டத்துக்கு வெளியே தண்ணீரின் மேற்பரப்பு பாதரசம் பூசிய கண்ணாடிபோல மின்னும். ஆற்றின் அடிக் கற்கள் அதில் பிரதிபலிக்கும். சிறுவயதில் அதைப் பார்ப்பதற்காகவே நான் மூச்சடக்கிக் கிடந்திருக்கிறேன். தண்ணீருக்குள்ளிருந்து மேற்பரப்பை நோக்கி வரும் ஒளி மிகவும் சாய்வாக வந்தால், அதாவது செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால், அதனால் காற்றுக்குள் வெளியேற முடியாது. முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். முழு அக எதிரொளிப்பு என்று பள்ளியில் படித்தது இதைத்தான். ஒளி அடர்த்தியான பொருளிலிருந்து அடர்த்தி குறைந்த பொருளுக்குச் செல்ல முயலும்போது மட்டுமே இது நடக்கும்.

இந்தக் கல்லில் ஒவ்வொரு நாரும் அப்படி ஒரு குழல். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒரு நாருக்குப் பக்கத்தில் இருப்பதும் அதே தாது நார்தானே, காற்று இல்லையே, ஒளி ஏன் பக்கத்து நாருக்குத் தாவிவிடுவதில்லை? ஒரு பொருள் ஒளிக்கு எவ்வளவு அடர்த்தியானது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். யூலெக்சைட் படிகத்தில் அது எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. திசைக்குத் தக்கபடி சுமார் 1.49 முதல் 1.52 வரை மாறும். நார்கள் எல்லாம் ஒரே பக்கம் நீண்டு நின்றாலும், ஒவ்வொன்றும் தன் அச்சில் வெவ்வேறு விதமாகத் திரும்பி நிற்கிறது. அதனால் ஒரு நாரில் செல்லும் ஒளிக்குப் பக்கத்து நார் அடர்த்தி குறைந்த பொருளாக அமைந்துவிடுகிறது. வித்தியாசம் சிறியதுதான். கணக்குப் போட்டால், நாரின் சுவரோடு சுமார் 11 டிகிரிக்குள் உரசினாற்போலப் போகும் ஒளியைத்தான் அது பிடித்துவைக்கும். ஆனால் எழுத்தைத் தூக்கிவர அது போதும்.

பத்தமடையில் பாய் நெய்கிறவர் வீட்டில் கோரையைக் கட்டாகக் கட்டி நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டின் ஒவ்வொரு கோரையும் உள்ளே குழலாக இருந்து, அடியில் கோலப்பொடிப் புள்ளி வைத்தால் அந்தந்தப் புள்ளி அந்தந்தக் குழல் வழியாகவே மேலே வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் போட்ட கோலம் இடம் மாறாமல் மேலே தெரியும். கட்டு முறுக்கிக்கொண்டாலோ குழல்கள் ஒன்றுக்கொன்று பின்னிக்கொண்டாலோ கோலம் கலைந்துவிடும். நார்கள் பின்னாமல் நேராக நின்றதுதான் இந்தக் கல்லின் பாக்கியம். இதே யூலெக்சைட் பாலை நிலத்தில் இலவம்பஞ்சு உருண்டைபோலவும் கிடைக்கிறது. அதில் நார் உண்டு, ஒழுங்கு இல்லை. அது எதையும் காட்டாது.

இப்போது மலைக்கு வருகிறேன். ஒரு நாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு புள்ளிதான். தன் அடிவாயில் என்ன வெளிச்சம் விழுகிறதோ, அது எந்தத் திசையிலிருந்து வந்தாலும், எல்லாவற்றையும் கலந்து ஒரே புள்ளியாக மேலே கொடுக்கும். தாளை ஒட்டவைத்தால் அடிவாயில் விழுவது நேர் கீழே இருக்கும் மையின் கருமையோ தாளின் வெண்மையோ மட்டும். அதனால் எழுத்து பிசகாமல் வருகிறது. மலையை நோக்கிப் பிடித்தாலோ, மலையின் உச்சியிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் மேலே இருக்கும் வானத்திலிருந்தும் வரும் ஒளி ஒவ்வொரு நாரின் வாயிலும் கலந்து விழுகிறது. எல்லா நாருக்கும் ஏறக்குறைய ஒரே கலவை. கல் முழுக்க ஒரே வெளிச்சம்.

ஆனால் மலையைக் காட்டவைக்க ஒரு வழி உண்டு. மகனிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். அறையை இருட்டாக்கி, மலை தெரியும் ஒரு ஜன்னலை மட்டும் திறந்துவையுங்கள். பூதக்கண்ணாடி உருவாக்கும் பிம்பம் கல்லின் ஒரு முகத்தில் விழும்படி முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மறுமுகத்தில் மலை தலைகீழாக, சின்னதாக வந்து நிற்கும். சூரியன் இருக்கும் திசையில் மட்டும் இதைச் செய்யவேண்டாம். இருட்டில் பார்க்க உதவும் கருவிகளிலும் இதே வேலைக்கு ஓர் உறுப்பு உண்டு: லட்சக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகளை ஒன்றாக உருக்கி ஒட்டிய தகடு, ஒரு முகத்தில் விழும் படத்தை மறுமுகத்துக்குக் கொண்டுபோய் வைக்கும். மனிதர் செய்த டிவி கல் என்றே அதைச் சொல்லலாம். கண்ணாடி இழைக் கட்டின் வழியாகப் படத்தை அனுப்பிக் காட்டிய ஆய்வாளர்களில் ஒருவர் நம் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954இல் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். இன்று நம் தெருவுக்கு இணையம் கொண்டுவரும் கேபிளும் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, இது எங்கே விளைகிறது? நம் ஊரில் கிடைக்காது. ஆனால் எப்படி விளைகிறது என்பது உப்பளம் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். தூத்துக்குடிப் பாத்திகளில் கடல்நீர் வற்றும்போது உப்பு விளைவதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முறை உண்டு. அதுபோல வடிகால் இல்லாத வறண்ட ஏரிகளில், எரிமலைப் பகுதியிலிருந்தும் வெந்நீர் ஊற்றிலிருந்தும் போரான் என்ற தனிமம் கலந்த நீர் வந்து சேர்ந்து வற்றினால் யூலெக்சைட் போன்ற தாதுக்கள் படியும். சிலி, அர்ஜென்டினா, துருக்கி, அமெரிக்காவின் கலிபோர்னியா ஆகிய இடங்களில் உண்டு. உலகின் மிகப் பெரிய போரான் இருப்பு துருக்கியில்தான். உங்கள் கையில் இருப்பதுபோன்ற நேர் நார்க் கல்லுக்குப் பெயர்போன இடம் கலிபோர்னியாவில் போரான் என்ற பெயரையே வைத்துக்கொண்ட ஊர். கல்லின் பெயர், அதை முதலில் சரியாகப் பகுத்தாய்ந்த ஜெர்மன் வேதியியலாளர் உலெக்ஸ் நினைவாக வைக்கப்பட்டது.

1880களில் கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் தொழிலாளர்கள் இந்தப் பஞ்சு உருண்டைகளைத் தரையிலிருந்து வாரியெடுத்தார்கள். அதைக் காய்ச்சி வெங்காரமாக்கி, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளில் 265 கிலோமீட்டர் தூரம் கொண்டுபோனார்கள்.

வெங்காரம் என்றதும் நம் வீட்டுச் சமாச்சாரமாகிவிட்டது, இல்லையா? நகை செய்கிற ஆசாரி பற்றவைக்கும்போது தடவுகிற அதே வெங்காரம்தான். நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் அது இயற்கையாகவே இருக்கிறது. கேரம் பலகையில் தூவும் போரிக் மாவும் அதே குடும்பம். வெங்காரத்தில் சோடியம் மட்டும். யூலெக்சைட்டில் சோடியத்தோடு கால்சியமும் சேர்ந்திருக்கிறது. அத்துடன் நீர். இந்தக் கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர்தான், படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட நீர்.

இந்த இடத்தில்தான் உங்கள் வெள்ளிக்கிழமை வருகிறது. யூலெக்சைட் குளிர்ந்த நீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். வெந்நீரில் சிறிது கரையும். நீங்கள் கழுவியபோது மெருகேற்றிய முகம் கொஞ்சம் கரைந்து சொரசொரப்பாகிவிட்டது. உள்ளே நார்கள் அப்படியே நிற்கின்றன, ஒளியையும் கொண்டுவருகின்றன. வாசலில் வந்ததும் அது சிதறிவிடுகிறது. எனக்கும் இது நேர்ந்தது. முதலில் வாங்கிய கல்லில் கைப்பிசுக்கு இருக்கிறதே என்று வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். உலர்ந்தபின் அதைத் தாளில் வைத்துப் பார்த்த அந்த நிமிடம் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அதனால் முதலில் ஒரு சோதனை. கல்லை நிழலில் ஒரு நாள் நன்றாக உலரவிடுங்கள். பிறகு ஒளி ஊடுருவும் செல்லோடேப் துண்டு ஒன்றை மேல்முகத்தில் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டுங்கள், அடிமுகத்திலும் அப்படியே. எழுத்தின்மேல் வையுங்கள். டேப்பின் பசை அந்தச் சொரசொரப்பை நிரப்பிவிடுவதால் மங்கலாகவாவது எழுத்து திரும்பத் தெரியும். தெரிந்தால் பழுது மேல்தோலில் மட்டும்தான்.

பிறகு டேப்பை உரித்துவிட்டு மெருகு போடலாம். ஒரு கண்ணாடித் தட்டின்மேல் 600 எண் உப்புத்தாளை விரித்து, கல்லின் முகத்தைத் தட்டையாக வைத்து எட்டுப் போடுவதுபோல மெல்லத் தேயுங்கள். தண்ணீர் ஊற்றவேண்டாம். அடுத்து 1000, அதன்பின் 2000. முந்தைய தாளின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்த தாளுக்குப் போகவேண்டும். இதில் அவசரப்பட்டால் மெருகு வராது. இது நகமளவே கடினமுள்ள கல், அதனால் அழுத்தம் வேண்டாம். கடைசியில் பழைய பருத்தித் துணியில் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குங்கள். நார்கள் நிற்கும் இரண்டு முனைகளைத்தான் தேய்க்கவேண்டும், பக்கவாட்டை அல்ல. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். தூளை ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கல்லையும் தூளையும் சின்னக் குழந்தைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது கண்ணாடியோ என்ற ஐயம் இன்னும் இருந்தால் தேய்க்கும்போதே தீர்ந்துவிடும். கண்ணாடி இவ்வளவு எளிதில் தேயாது, அதே அளவில் கையில் கனமாகவும் இருக்கும்.

சக்தி போய்விட்டதா என்று கேட்டீர்கள். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூணைத் தட்டி ஸ்வரம் கேட்ட ஊர்க்காரர்கள் நாம். கல்லைக் கண்டு கைகூப்பத் தோன்றுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் செல்வம் வரும், கண் நோய் தீரும் என்று யாராவது இதை விற்றால் நம்பவேண்டாம். ஒளியை நேர்வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இதன் வேலை. அது உங்கள் கல்லில் இன்னும் இருக்கிறது. அத்தையிடம் சொல்லுங்கள், பூஜையறையிலேயே இருக்கட்டும், அபிஷேகம் மட்டும் வேண்டாம். தீபத்தின் சூடும் படாத ஒரு மூலையில், உலர்ந்த டப்பாவில் வையுங்கள். மெருகு போட்டபின், அடியில் ஒரு குங்குமப் பொட்டு வைத்த தாளை ஒட்டிவைத்துப் பாருங்கள். பொட்டு மேலே வந்துவிட்டதா என்று அடுத்த வாரம் எனக்கு எழுதுங்கள்.